திமிங்கிலத்துக்கு முதுகு காட்டிய செயலாளர்

நான் இதுவரை ஒரு திமிங்கிலத்தையும் நேரில் கண்டதில்லை. ஆனால் ஒரு திமிங்கிலம் என்னை நன்றாகக் கண்டிருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு, அதற்கு மேல் செம்மஞ்சள் நிற லைஃப் ஜாக்கெட், கொண்டையில் மல்லிகைச்சரம் (பிளாஸ்டிக்தான், கடல் காத்துக்கு வேற என்ன நிக்கும்) என்று நான் நின்ற கோலத்தை அது பின்பக்கமாகப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. என்ன நினைத்ததோ தெரியாது. திரும்பி வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

இந்த அவமானத்துக்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை. எல்லாவற்றையும் நானே திட்டமிட்டு, நிகழ்ச்சி நிரலை நானே தட்டச்சு செய்து, மழையில் நனையாமல் இருக்க லாமினேட்டும் பண்ணி, ஆளுக்கொன்றாக விநியோகித்திருந்தேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளைக்கு அந்த வருடம்தான் என்னைச் செயலாளராகத் தெரிவு செய்திருந்தார்கள். தெரிவு என்றால் பெரிய போட்டியொன்றும் இல்லை. "ஆர் செயலாளர்?" என்று தலைவர் கேட்டபோது மற்ற எல்லாரும் குனிந்து தங்கள் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு இருந்த பெருமையைப் பார்த்தால் ஐக்கிய நாடுகள் சபை எனக்குக் கீழே வந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள்.

நான் கவுன்சிலில் வேலை செய்கிறேன். தவறான இடத்தில் கார் நிறுத்தி அபராதம் வாங்கியவர்கள் 'அது என் பிழை இல்லை' என்று எழுதி அனுப்புவார்கள். அதை வாசித்து, 'உங்கள் பிழைதான்' என்று மரியாதையாகப் பதில் எழுதுவது என் பொறுப்பு. அதனால் ஒழுங்கு, விதி, நேரம் என்றால் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். சங்கத்து நிகழ்ச்சி நிரலோ அந்தச் சந்தோஷத்தின் உச்சம். மங்கல விளக்கேற்றல், மௌன அஞ்சலி, பள்ளிக் கீதம், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை போர்த்தல், நன்றியுரை. இவ்வளவும் முடியாமல் எங்கள் ஆட்கள் ஒரு வடையைக்கூடத் தொடமாட்டார்கள். எங்கள் மகனின் பிறந்தநாளுக்கு நான் வரவேற்புரை ஆற்றினேன் என்று என் கணவர் சுதன் போகுமிடமெல்லாம் சொல்லித் திரிகிறார். அது பொய். இரண்டு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். (சரி, கையில மைக் இருந்தது.)

இந்தக் கதையில் முக்கியமான ஆள் நானல்ல, என் மாமி. சுதனின் அம்மா. யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பேச்சும் முத்திரை குத்துகிற மாதிரித்தான். ஒரு குத்து, அடுத்த ஆள். எங்களோடு லண்டன் ஸ்ட்ரெதமில் வந்து இருந்த புதிதில் மற்ற மாமிமார் போலத் தமிழ் சீரியல் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் ரிமோட் தவறுதலாக அமுங்கி ஒரு திமிங்கிலம் திரையில் எழும்பியது. அன்றோடு சீரியல்காரர்கள் எல்லாரும் அநாதைகளானார்கள்.

அதன் பிறகு எங்கள் வீட்டு முன்னறையில் எப்போதும் கடல்தான். அதிலும் ஹம்பேக் என்கிற கூன்முதுகுத் திமிங்கிலம் என்றால் மாமிக்கு உயிர். அதைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. பாடுவது ஆண்கள்தான், வாலின் அடிப்பக்கம் ஆளுக்கு ஆள் வேறுபடும், குளிர்க் கடலில் சாப்பிட்டுவிட்டுக் குட்டி போட வெயில் கடலுக்குப் போவார்கள். எல்லாவற்றையும் மரியாதையோடு சொல்லுவார். "அவையள் குட்டியை விட்டிட்டு ஒரு இடமும் போகமாட்டினம்" என்பார். என் தாய்வீட்டுச் சொந்தங்கள் வந்து போனால் "அதுகள் போட்டுதுகளே?" என்று அஃறிணையில் கேட்பவரும் இதே மாமிதான்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினை நடந்துகொண்டிருந்தது. சுதனின் அக்கா கனடாவில் இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து, "அம்மா, லண்டன் காணும், இனி இஞ்ச வந்து இருங்கோ" என்பார். பெரிய வீடு, நிலக்கீழ் அறை முழுக்க மாமிக்கு, கோயில் நடக்கிற தூரத்தில். மாமி ஒவ்வொரு ஞாயிறும் ஒரே பதிலைத்தான் சொல்லுவார். "பாப்பம்."

மாமி கனடாவுக்குப் போனால் 'மகளோட இருக்கப் போட்டா' என்று எங்கள் சனம் சொல்லாது. 'மருமகளோட ஏலாமல் போட்டா' என்று வால்தம்ஸ்டோவிலிருந்து அப்டன் பார்க் வரைக்கும் கதை போகும். அதுவும் செயலாளரின் மாமி. அதைவிட, சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மாமியைப் பிடிக்கும். என்னைப் பற்றி அவர் ஒரு நாளும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. என் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு "புளி வாங்கினனீரோ?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு நல்ல வார்த்தையை வாங்காமல் ஆளை விமானம் ஏற்ற எனக்கு மனமில்லை.

ஒருநாள் தொலைக்காட்சியில் கோர்ன்வால் கரையோரம் ஹம்பேக்குகள் வருகின்றன என்று காட்டினார்கள். மாமி வாயில் வைத்த பிஸ்கட்டைக் கடிக்காமல் பார்த்தார். பிறகு, "உவரை ஒருக்கா நேர பாத்திட்டனெண்டால் பிறகு எங்க போய் இருந்தாலும் பரவாயில்லை" என்றார்.

எனக்கு மண்டைக்குள் ஒரு பல்ப் எரிந்தது. மாமிக்குத் திமிங்கிலம் காட்டுவேன். மாமி மனம் நெகிழ்ந்து, இப்படி ஒரு மருமகளை விட்டுவிட்டு எங்கே போவது என்று லண்டனிலேயே இருந்துவிடுவார். இந்தத் திட்டத்தைச் சுதனிடம் சொன்னேன். "திமிங்கிலத்தைப் பாத்திட்டா எங்கயும் போகலாம் எண்டுதானே அம்மா சொன்னவ? நீ காட்டினா அவ போயிடுவா. அக்காவுக்கு நீதான் டிக்கெட் எடுத்துக் குடுக்கிறாய்" என்றார். கணக்குப் படித்த மனுசன், மனித மனம் தெரியாது என்று நான் அதைத் தள்ளிவிட்டேன்.

சங்கத்தின் வருடாந்தச் சுற்றுலா வழக்கமாக சவுத்எண்ட் கடற்கரைக்குத்தான். கோச் பிடித்துப் போய், காற்றில் பறக்கிற பேப்பர் தட்டுகளைத் துரத்திக்கொண்டு கோழிக்கறியும் சோறும் சாப்பிட்டு, கடலில் கணுக்கால் வரைக்கும் நனைத்துவிட்டு வருவோம். கமிட்டிக் கூட்டத்தில் நான் எழுந்து, இந்த முறை கோர்ன்வால், இரண்டு நாள், படகில் திமிங்கிலம் பார்க்கிறோம் என்றேன். தலைவர் யோகன் அண்ணை பெற்றோல் நிலையம் வைத்திருப்பவர், நல்ல மனுசன், ஆனால் சம்பிரதாயத்தில் கறார். பள்ளிக்கூடத்தின் ஆண்டு நிறைவு வருகிற நேரத்தில் சும்மா ஊர்சுற்றிவிட்டு வந்தால் சனம் என்ன சொல்லும் என்று யோசித்தார்.

"விளக்கேத்தி, காலமான ஆசிரியர்மாருக்கு ஒரு அஞ்சலியும் செய்தமெண்டால் காணும் தங்கச்சி. மிச்சத்தை விடுவம்" என்றார்.

பாவம், அந்த மனுசன் எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டார். நான் அதைச் சாத்தினேன். "இல்லை அண்ணை, முழு நிகழ்ச்சியும் செய்வம். நடுக்கடலில முழு நிகழ்ச்சி செய்த சங்கம் லண்டனில வேற ஒண்டும் இல்லை" என்றேன். கமிட்டி கைதட்டியது. அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் கேட்கிறது, சில நேரம் தூக்கத்தைக் கெடுக்கிறது.

கோச்சில் போன கதையை நீட்டவில்லை. மிதிவெடி என்கிற முட்டை ரோல் ஒரு தட்டு, கட்லட் ஒரு தட்டு என்று தொடங்கி, பிரிஸ்டலைக் கடக்க முதல் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிரவு கேரவன் பூங்காவொன்றில் தங்கி, காலையில் துறைமுகத்துக்குப் போனோம். செப்டெம்பர் கடைசி. வானம் நீலம், காற்று மட்டும் கத்தி. கமிட்டிப் பெண்கள் எல்லாரும் சேலை, ஆண்கள் வேட்டி என்று நான் அறிவித்திருந்தேன். வேட்டிக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். மாமி மட்டும் என் அறிவித்தலைக் கணக்கெடுக்கவில்லை. சுதனின் பனிச்சறுக்கு ஜாக்கெட், பேரனின் கம்பளித் தொப்பி, கழுத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய தொலைநோக்கி என்று வந்தார். வந்ததும் நேராகப் படகின் பின்பக்கக் கம்பியைப் போய்ப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ஒரு வெளிச்சம். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் வீட்டில் கண்டதில்லை.

படகில் வழிகாட்டியாக எம்மா என்று ஒரு இளம்பெண் இருந்தாள். மிகவும் பண்பானவள். நேற்றும் இந்தப் பக்கம் ஒரு ஹம்பேக்கைக் கண்டதாகவும், இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த இடத்துக்குப் போய்விடுவோம் என்றும், எல்லாரும் கடலை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டாம் என்றும் மைக்கில் சொன்னாள். எங்கள் ஆட்கள் குடுகுடுவென்று கம்பிகளுக்கு ஓடினார்கள். நானோ கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். இன்னும் விளக்கே ஏற்றவில்லை. நிகழ்ச்சி தொடங்க முதல் திமிங்கிலம் வந்துவிட்டால் என்ன செய்வது?

விளக்கிலேயே சிக்கல். நான் பித்தளைக் குத்துவிளக்கை மடியில் வைத்துக் குழந்தை போலக் கொண்டுவந்திருந்தேன். படகோட்டி அதைக் கண்டதும், தன் படகில் நெருப்பு கிடையாது, முடிந்தது என்றார். நல்லவேளை, இப்படி ஏதாவது வரும் என்று பட்டரியில் எரியும் மெழுகுதிரிகளும் கொண்டுபோயிருந்தேன். (செயலாளரெண்டால் சும்மாவே.) ஐந்து முகத்திலும் ஐந்தை வைத்து, பட்டுநூலால் கட்டினேன். பிரமுகர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து, மெழுகுதிரியின் அடியில் இருந்த சுவிட்சைத் தடவினார்கள். ஒன்று எரியவேயில்லை. யார் அதை ஏற்றியவரோ அவர் இன்னமும் அதைத் தனக்கு நேர்ந்த அவமதிப்பாகவே நினைக்கிறார். அதற்குள் தலைவரைக் காணவில்லை. தேடினால், யோகன் அண்ணை குமட்டல் தாங்காமல் கழிவறைக்குள் ஒரு தேசிக்காயை (எலுமிச்சைதான்) மூக்கில் வைத்துக்கொண்டு இருந்தார். வெளியே வரும் நிலையில் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கவலை வரவில்லை. தலைவர் இல்லாவிட்டால் செயலாளர் தலைமை ஏற்கலாம் என்று சங்கத்தின் யாப்பு விதிகளில் இருக்கிறது. நான் எம்மாவிடம் மைக்கை வாங்கினேன்.

"அன்பார்ந்த பழைய மாணவர்களே, அனைவரும் தயவுசெய்து உங்கள் ஆசனங்களில் அமருங்கள். திமிங்கிலம் பிறகு பார்க்கலாம்."

இந்த வசனத்தை நான் சொன்னதற்கு நாற்பது பேரளவில் சாட்சி இருக்கிறார்கள். மறுக்க வழியில்லை. முணுமுணுத்துக்கொண்டு எல்லாரும் வந்து இருந்தார்கள். மாமி மட்டும் கம்பியை விடவில்லை. நான் போய்க் கையைப் பிடித்தேன். "பிள்ளை, நான் இதிலயே நிக்கிறன்" என்றார். செயலாளரின் மாமி முன்வரிசையில் இல்லாவிட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று காதுக்குள் கெஞ்சினேன். மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வந்து, முன்வரிசையின் நடு ஆசனத்தில், தொலைநோக்கியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அந்த முகத்து வெளிச்சம் அணைந்துவிட்டதை நான் கண்டேன். கண்டும், நன்றியுரைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்போது யாராவது எனக்கு இரண்டு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படகின் பின்பக்கத்தில், கடலுக்கு முதுகு காட்டியபடி நான். எனக்கு எதிரே வரிசையாகச் சபை. அடுத்த நிகழ்வு மௌன அஞ்சலி. எங்கள் சங்கத்தில் மௌன அஞ்சலி ஒருநாளும் ஒழுங்காக நடந்ததில்லை. யாராவது இருமுவார்கள், யாருடையதோ போன் சினிமாப்பாட்டுப் பாடும், பின்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் கார் எங்கே விட்டது என்று விசாரிப்பார். இந்த முறை அப்படி நடக்க விடுவதில்லை என்று நான் சபதம் எடுத்திருந்தேன். எல்லாப் போன்களையும் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்களா என்று வரிசை வரிசையாகப் பார்த்தேன். அனைவரும் எழுந்து, தலை குனிந்து, கண்களை மூடி நிற்க வேண்டும், என்ன நடந்தாலும், எந்தக் காரணத்துக்காகவும் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று கண்டிப்பாக அறிவித்தேன். முழங்கால் ஏலாதவர்கள் இருந்தபடியே அஞ்சலி செய்யலாம் என்று மாமியைப் பார்த்துச் சொன்னேன். பிறகு ஆங்கிலத்தில் எம்மாவுக்கும் படகோட்டிக்கும் விளக்கி, எஞ்சினையும் ஒலிபெருக்கியையும் நிறுத்தித் தரும்படி கேட்டேன். நான் சொன்னேனே, பண்பான பிள்ளை. எம்மா உடனே தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, எங்களைவிடப் பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். படகோட்டியும் தன் கூண்டுக்குள் தலையைக் குனிந்தார்.

அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி. போன் இல்லை, இருமல் இல்லை, கார் விசாரணை இல்லை. தண்ணீர் படகில் மெல்லத் தட்டுகிற சத்தம் மட்டும். நான் கைகளைக் கோத்து, கண்ணை மூடி, மனதுக்குள் அறுபது மட்டும் எண்ணத் தொடங்கினேன். ஆசிரியர்மாரை நினைத்தேனா? முதல் பத்து எண்ணிக்கைக்கு நினைத்தேன். அதன் பிறகு முழுக்க என்னைத்தான் நினைத்தேன். இப்படி ஒரு அஞ்சலியை இந்தச் சங்கம் கண்டதில்லை, இனி எனக்குத் தலைவர் பதவிதான் மிச்சம் என்று ஓடியது எண்ணம்.

அப்போது எனக்குப் பின்னால், தூரமுமில்லை கிட்டவுமில்லை, ஒரு பெருமூச்சு மாதிரி ஏதோ கேட்டது. யாரோ உருகுகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்து ஒரு சத்தம். லொறியிலிருந்து மணல் கொட்டினமாதிரி. படகு இலேசாக ஆடியது. என் பிடரியில் நாலு துளி உப்புத்தண்ணீர் விழுந்தது. மதியத்துக்குக் கொண்டுவந்த சோற்றுச் சட்டியைச் சுதன் கீழே போட்டுவிட்டார் என்று முடிவு செய்தேன். (தண்ணி எப்பிடி வந்ததெண்டு நான் யோசிக்கேல்லை.) கண்ணைத் திறந்து அவரை முறைக்கத்தான் மனம் துடித்தது. ஆனால் செயலாளரே கண் திறந்தால் சபை என்ன செய்யும்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் திறக்கவில்லை. என் ஆட்களின் கட்டுப்பாட்டை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அறுபதுக்கு மேலேயும் கொஞ்சம் எண்ணினேன்.

"நன்றி. அமருங்கள்."

கண்ணைத் திறந்தால், எம்மா என்னைத் தாண்டிக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வாய் திறந்திருக்கிறது. நான் திரும்பினேன். கடல் வெறுமையாக இருந்தது. ஆனால் ஒரு வீட்டு முற்றமளவு தண்ணீர் மட்டும் எண்ணெய் ஊற்றினமாதிரி வழவழவென்று, ஓரமெல்லாம் நுரையோடு கிடந்தது. எம்மா கம்பிக்கு ஓடி, இது சற்று முன்னர் திமிங்கிலம் தண்ணீருக்குள் போன இடம், யாராவது பார்த்தீர்களா, யாராவது, என்று கேட்டாள். படகு முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முன்வரிசையின் நடுவில் மாமி இருந்தார். முதுகு நேராக, கைகள் தொலைநோக்கியின் மேல், கண் இரண்டும் அகலத் திறந்தபடி. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்டேன். "மாமி, நீங்கள் பாத்தனீங்களே?"

"ஓம்."

"என்னத்தை?"

"அவரைத்தான். முழு ஆளா எழும்பினவர். உம்மட கொண்டைக்கு மேலால அவற்றை வயிறு தெரிஞ்சது. ரெண்டு கையையும் விரிச்சு, ஒருக்காத் திரும்பி, மல்லாக்கா விழுந்தவர்."

"ஏன் மாமி சொல்லேல்லை?"

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கந்தோரில் விதி கேட்கிறவருக்குப் பதில் சொல்லும் குரலில் சொன்னார்: "எந்தக் காரணத்துக்காகவும் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாதெண்டு நீர்தானே பிள்ளை அறிவிச்சனீர்."

அதன் பிறகு படகில் நடந்ததை நிகழ்ச்சி என்று சொல்ல ஏலாது. சபை முழுக்க ஒரே பக்கக் கம்பிக்குப் பாய்ந்தது. படகு சாய்ந்தது. படகோட்டி ஒலிபெருக்கியில் கத்தினார். குத்துவிளக்கு உருண்டு போய்க் கழிவறைக் கதவில் மோத, உள்ளேயிருந்து யோகன் அண்ணை பலவீனமான குரலில் "அஞ்சலி முடிஞ்சுதே?" என்று கேட்டார். போன்களை எடுத்தவர்களுக்கு அவை நிறுத்தியிருப்பது ஞாபகம் வந்தது. அவை உயிர் பெறுகிற இராகங்கள் வரிசையாகக் கேட்டன. எம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டு, தன் வாழ்நாளில் இவ்வளவு கிட்டத்தில் ஒன்று முழுதாக எழும்பியதைத் தான் கண்டதில்லை என்றாள். பிறகு, இதையும் தான் காணவில்லை என்பதை யோசித்து, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

அதற்குப் பிறகு மணிக்கணக்காகச் சுற்றினோம். வெகு தூரத்தில் ஒரு புகை தெரிந்தது. அது திமிங்கிலம் விட்ட மூச்சு என்று பாதிப்பேரும், மீன்பிடிப் படகு என்று பாதிப்பேரும் இன்றுவரை இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? நிகழ்ச்சி நிரலில் போட்டுவிட்டேனே என்று படகோட்டிக்குப் பொன்னாடை போர்த்தினேன். காற்று அதை உடனே பறித்துக் கடலில் போட்டது. எம்மா நீளமான கொக்கி ஒன்றால் அதை எடுத்து, பிழிந்து, கடலில் துணி போடக்கூடாது என்று மெல்லிய குரலில் சொல்லி என்னிடம் தந்தாள். வரவேற்புரையையும் நன்றியுரையையும் நான் செய்யவில்லை. செய்யச் சொல்லி ஒருவரும் கேட்கவுமில்லை.

திரும்புகிற கோச்சில் மாமிதான் மகாராணி. அவருக்குப் பக்கத்து ஆசனத்தில் ஆட்கள் முறை போட்டு வந்து இருந்து கதை கேட்டார்கள். நான் கடைசி வரிசையில், நசிந்த குத்துவிளக்கோடு இருந்தேன். முன்னாலிருந்து அலை அலையாகச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அலையின் முடிவிலும் நாலு தலைகள் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மீண்டும் திரும்பின. அடுத்த வருடம் சவுத்எண்ட் என்று யோகன் அண்ணை ஒலிபெருக்கியில் அறிவித்தார். கமிட்டி கைதட்டியது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. சுதனின் கணக்கு சரி. மாமி திமிங்கிலத்தைப் பார்த்துவிட்டார், இனி எங்கேயும் போகலாம். அதுவும், கம்பியில் நின்றவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து இருத்தியவள் நான். அவர் நன்றாகப் பார்த்தது என் புத்தியால் அல்ல, என் புத்தியையும் மீறி. என்னிடம் சொல்ல அவருக்கு இனி என்ன நல்ல வார்த்தை இருக்கப்போகிறது?

ஞாயிறு கனடாவிலிருந்து போன் வந்தது. மாமி ஸ்பீக்கரில் போட்டு, முன்னறையில் இருந்துகொண்டு முழுக் கதையையும் மகளுக்குச் சொன்னார். விளக்கு, தேசிக்காய், போன் சோதனை, என் கொண்டை, அதற்கு மேலால வந்த வயிறு, ஒன்றும் விடவில்லை. நான் குசினி வாசலில் நின்று கேட்டேன். மாமி கதையை முடித்துவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தார். மறுபக்கத்திலிருந்து சிரிப்பு வரவில்லை. பிறகு அக்கா, "அப்ப ஒருத்தரும் போட்டோ எடுக்கேல்லையே அம்மா? சரி, டிக்கெட்டை எப்ப போடுறது?" என்று கேட்டார்.

மாமி "பாப்பம்" என்று சொல்லவில்லை. "இப்ப வேண்டாம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவளுக்கு விளங்கேல்லை" என்றார். "நான் அங்க போயிருந்து உந்தக் கதையை ஆருக்குச் சொல்லுறது? அங்க ஒருத்தருக்கும் உம்மைத் தெரியாதே."

இது நல்ல வார்த்தையா, இல்லையா என்று நான் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்று யோசிக்கவில்லை. குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சந்தோஷத்தில் அழுதேன்.

அதெல்லாம் நடந்து சில வருடங்களாகிவிட்டன. மாமி ஸ்ட்ரெதமில்தான் இருக்கிறார். எனக்குச் செயலாளர் பதவி அடுத்த முறை கிடைக்கவில்லை, அது நியாயந்தான். எங்கள் சங்கத்தில் இப்போது மௌன அஞ்சலி செய்யும்போது ஒருவரும் கண்ணை மூடுவதில்லை. ஹரோவில் ஒரு மண்டபத்துக்குள் நின்றாலும் எல்லாரும் கண்ணை அகலத் திறந்துகொண்டு, அங்குமிங்கும் பார்த்தபடிதான் காலமானவர்களை நினைக்கிறார்கள். வெளியாட்கள் வந்தால் இது என்ன வழக்கம் என்று கேட்பார்கள். யாராவது ஒருவர் என்னைக் காட்டுவார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். யார் வந்தாலும், தேத்தண்ணி குடித்து முடிய மாமி கதையைத் தொடங்குவார். ஒவ்வொரு முறையும் அந்தத் திமிங்கிலம் ஒரு முழம் கிட்ட வருகிறது, இப்போது அதன் கைநுனி என் மல்லிகைச்சரத்தில் தட்டுகிறது. கதை அந்த இடத்துக்கு வந்ததும் மாமி நிறுத்துவார். குசினிப் பக்கம் திரும்பி, "பிள்ளை, ஒருக்கா வந்து நில்லும்" என்பார்.

நான் அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்பேன். தலை குனிந்து, கைகளைக் கோத்து, கண்ணை மூடுவேன்.